ஏழாம் குழியின் வெள்ளைக் கோடு

அத்தியாயம் 19

வனத்துறை ஆட்கள் முதலையின் வாயைக் கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஒன்பது நாள் ஆகிவிட்டது. மூன்றாம் நம்பர் சுரங்க கோல்ஃப் கிளப்பே நிம்மதியாக மூச்சு விட்டது. கசுபா விடவில்லை.

லாரி கிளம்பும்போது ஊரே முதலையின் வாயைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர் மட்டும் பின்பக்கம் ஏறிக் காலைப் பார்த்தார். இடது பின்னங்காலில் நான்கு விரலும் இருந்தன. ஏழாம் குழிக் குளத்தின் சேற்றில் மூன்று வாரமாக அவர் பார்த்துவந்த தடத்தில் மூன்றே விரல்தான்.

அப்படியானால் பிடிபட்டது வேறு. தடம் போட்டது இன்னும் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது.

சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கும் காரணம் உண்டு. கசுபா எதையுமே நம்பாத மனிதர். வானிலைச் செய்தியை நம்பமாட்டார். மருந்துச் சீட்டை நம்பமாட்டார். முப்பத்தொரு வருஷம் செம்புச் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். 'கூரை பத்திரம்' என்று கையெழுத்துப் போட்ட காகிதம் மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க, கீழே அதே கூரை விழுந்து ஏழு பேரை எடுத்ததைப் பார்த்தவர். அன்றிலிருந்து அவருக்குக் காகிதம் ஆகாது. அதனால் அவர் 'இன்னொன்று இருக்கு' என்றபோது, பெரியவருக்கு இதுவும் சந்தேகமா என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

இன்று டிசம்பர் விடுமுறையின் முதல் சனிக்கிழமை. மாகாணச் சிறுவர் கோல்ஃப் போட்டி. முப்பத்தாறு பிள்ளைகள், இரண்டு நாள் ஆட்டம். நடத்துகிறவள் அவருடைய மகள் லுபுட்டோ. ஆடுகிறவர்களில் அவருடைய பேத்தி மபாலோவும் ஒருத்தி. பன்னிரண்டு வயது.

காலை ஆறு மணிக்குக் கிளப் வராந்தாவில் விதித்தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. கசுபா ஒன்றை எடுத்தார். அதிகம் படிக்காதவர். விரலை ஒவ்வொரு வரியின் மேலும் வைத்துத் தள்ளிக்கொண்டே போனார். பிள்ளைகள் தங்கள் பையைத் தாங்களே தூக்க வேண்டும். ஒருவரின் அடிக்கணக்கு அட்டையை மற்றவர் எழுத வேண்டும். பெற்றோர் கயிற்றுக்கு வெளியே ஐம்பது அடி தள்ளி நிற்க வேண்டும். நான்கு. ஐந்து. அதற்கப்புறம் தாள் முடிந்துவிட்டது.

"ஆறாவது எங்க?"

லுபுட்டோ தலை நிமிரவில்லை. பிள்ளைகளின் பெயரட்டைகளைச் சட்டை ஊசியில் கோத்துக்கொண்டிருந்தாள். "நேத்து சாயங்காலம் நடுவர் எடுக்கச் சொல்லிட்டார்ப்பா."

ஆறாவது விதி அவர் சொல்லி அவள் எழுதியது. ஏழாம் குழிக் குளத்திலிருந்து இருபது அடிக்குள் பந்து விழுந்தால் யாரும் அங்கே போகக் கூடாது. தண்டனை இல்லாமல் பந்தை வெளியே வைத்து ஆடலாம். அவ்வளவுதான்.

மாகாணத்திலிருந்து வந்த நடுவர் சில்வம்பா பக்கத்திலேயே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறை போட்ட விதிப்புத்தகம். கழுத்தில் விசில்.

"பாஷி லுபுட்டோ, கோவிச்சுக்காதீங்க" என்றார். லுபுட்டோவின் அப்பா என்பதால் ஊரில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அபாயமான மிருகம் இருந்தா பந்தைத் தள்ளி வைக்கலாம்னு புத்தகத்துலயே இருக்கு. ஆனா மிருகம் இருக்கணும் இல்ல? உங்க முதலைதான் லாரி ஏறிடுச்சே."

"இன்னொண்ணு இருக்கு."

"காட்டுங்க. இப்பவே விதி எழுதித் தர்றேன்."

"நான் கூப்பிட்டா வர்றதுக்கு அது என்ன என் மருமகனா?"

"அவரும் கூப்பிட்டா வரமாட்டாரே" என்றாள் லுபுட்டோ, ஊசியைக் குத்திக்கொண்டே. எல்லை தாண்டி வேறு சுரங்கத்துக்கு வேலைக்குப் போன அவள் புருஷன் இந்தப் பக்கம் தலைகாட்டி இரண்டு மழைக்காலம் ஆகிறது. நடுவர் கோப்பைக்குள் இருமினார்.

"சிரிக்கிற விஷயமா இது?" என்றார் கசுபா.

"நான் என்னப்பா பண்ணட்டும்? காரணம் இல்லாம இலவசமா நகர்த்த விட்டா இந்த ஆட்டத்தை மாகாணம் கணக்குலயே எடுத்துக்காதாம். பிள்ளைங்க ரெண்டு நாள் வெயில்லயும் மழையிலயும் அடிச்சது வீணாப் போயிடும். இந்தப் போட்டியை இங்க கொண்டுவர நான் ரெண்டு வருஷம் அலைஞ்சேன். அடுத்த வருஷம் வேற ஊருக்குத் தூக்கிக் கொடுத்துடுவாங்க."

"போட்டியை வேற ஊருக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளையைத் தண்ணிக்குக் கொடுக்கலாம். அப்படித்தான?"

லுபுட்டோ அப்போதுதான் நிமிர்ந்தாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

"அங்கதான நிக்கணும் உங்களுக்கு? நில்லுங்க. ஏழாம் குழியில பந்து பாக்கற வேலை உங்களுக்கு. பந்து கண்ணுக்குத் தெரிஞ்சா வெள்ளைக் கொடி. தண்ணிக்குள்ள போயிடுச்சுன்னா சிவப்பு. கொடி மட்டும்தான். வாயைத் திறக்கக் கூடாது. விதி நாலு ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. ஆட்டம் நடக்கும்போது பெரியவர்கள் யாராவது பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசினாலும் அந்தப் பிள்ளையின் கணக்கில் தண்டனையாக இரண்டு மட்டையடி கூடும்; குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. போன வருஷம் ஒரு தகப்பன் பதினெட்டுக் குழியும் பின்னாலேயே நடந்து மகனைத் திட்டித் திட்டி, கடைசிக் குழியில் கன்னத்தில் அறைந்துவிட்டான். அதற்கப்புறம் லுபுட்டோ தானே உட்கார்ந்து எழுதிய விதி அது. நல்ல விதிதான். கசுபாவே ஒத்துக்கொள்ளும் ஒரே விதி.

அவர் இரண்டு கொடிகளையும் எடுத்துக்கொண்டார். போகிற வழியில் தோட்டக் கொட்டகைக்குள் நுழைந்து, மைதானத்தில் பழுதான இடங்களுக்கு அடையாளம் போடும் சுண்ணாம்புத் தூள் மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். யாரையும் கேட்கவில்லை.

முதல் பிள்ளைகள் வருவதற்குள் குளத்தைச் சுற்றிக் கோடு இழுத்துவிட்டார். தண்ணீரிலிருந்து இருபது அடி. மூன்று பக்கம் கோடு. நான்காவது பக்கம் ஆள் உயரக் கல்கட்டு, அங்கே தேவையில்லை. ஒரு முழ அகலத்துக்குத் தடிப்பாக, இடைவெளி விடாமல் போட்டார். விதியில் இல்லாத கோடு. யாரையும் கட்டுப்படுத்தாது. அது அவருக்கும் தெரியும். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, அவ்வளவுதான்.

பிறகு கறையான் புற்றின் மேல் உட்கார்ந்தார்.

முந்தின நாள் மழையில் தண்ணீர் ஏறியிருந்தது. மழை பிடித்தால் கஃபூவே ஆற்றிலிருந்து ஓடை வழியாக எதெதுவோ நடந்து வரும். நேற்று வரை கரையில் கொக்குகள் நின்றன. இன்று ஒன்றுகூட இல்லை. மழைக்கு மறுநாள் காதைக் கிழிக்க வேண்டிய தவளைகள் மூச்சுக் காட்டவில்லை. குளத்தின் நடுவில் பட்டுப்போன மரங்களின் மூளிக்கட்டைகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. எண்ணினார். ஐந்து.

மூன்று மூன்று பேராகப் பிள்ளைகள் வந்தார்கள். வாயில் விதும்புவா என்ற எண்ணெய்ப் பலகார உருண்டையை அடக்கிக்கொண்டு ஒரு பொடியன் கோட்டைப் பார்த்து நின்றான்.

"தாத்தா, இந்தக் கோடு எதுக்கு? தாள்ல போடலையே?"

கசுபா உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"ஊமைடா பாவம்" என்றான் அவன்.

"போடா, நேத்து வண்டி நிறுத்தற இடத்துல எங்கப்பாவை என்னா திட்டு திட்டினாரு" என்றான் கூட வந்தவன். இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். அவர்களுடைய பந்துகள் மேட்டிலேயே கிடந்தன. கசுபாவின் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

மறுபடியும் எண்ணினார். ஆறு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். ஐந்து.

வலது கண்ணில் புரை. அடுத்த மாதம் அறுத்து எடுக்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அவர் தன் கண்ணைக்கூட நம்ப முடியாத நிலையில் இருந்தார். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

பத்தரை மணிக்கு மபாலோவின் குழு வந்தது. மபாலோ, சோம்போ என்ற உயரமான பெண், வேறு ஊரிலிருந்து வந்த இன்னொருத்தி. மபாலோ ஓர் அடி முன்னிலையில் இருக்கிறாள் என்று அவள் நடையிலேயே தெரிந்தது. முதல் இடம் பிடிக்கிற பெண்ணுக்குத் தலைநகரில் நாட்டு அணியோடு பயிற்சி. ஒரு மாதமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை.

கயிற்றுக்கு வெளியே சோம்போவின் அம்மா குடையோடும் தூரப்பார்வைக் கண்ணாடியோடும் நின்றாள். எல்லாருக்கும் அவள் பானா சோம்போ. கண்ணாடி குழியைப் பார்க்கவில்லை. மபாலோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மபாலோ அடித்தாள். பந்து மேட்டில் விழுந்து, ஈரப் புல்லில் வழுக்கி, வெள்ளைக் கோட்டைத் தாண்டி உருண்டு, தண்ணீருக்கு மூன்று அடி இருக்கும்போது சேற்றில் நின்றது.

கசுபாவின் இரண்டு கைகளிலும் கொடி இருந்தது.

சிவப்பைக் காட்டினால் போதும். தண்ணீருக்குள் போய்விட்டது என்று அர்த்தம். ஓர் அடி தண்டனையோடு தூரத்தில் வேறு பந்து வைத்து ஆடுவாள். கரைப்பக்கமே வரமாட்டாள். ஓர் அடிதானே. போகட்டும்.

ஆனால் பந்து கண் முன்னால் வெள்ளையாகக் கிடந்தது. இல்லாததை இருக்கிறது என்று சொன்ன காகிதம் ஏழு பேரைக் கொன்றது. இப்போது இருக்கிறதை இல்லை என்று சொல்லக் கொடி கையில் இருக்கிறது. அவர், உயிரே போனாலும் அப்படி ஒரு கையெழுத்துப் போட மாட்டேன் என்று முப்பது வருஷமாகச் சொல்லிவந்தவர்.

வெள்ளையைத் தூக்கினார்.

மபாலோ சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். கோட்டின் மேல் ஒரு கணம் நின்று தாத்தாவைப் பார்த்தாள். பிறகு தாண்டினாள். மட்டையை எடுத்தாள். சேற்றில் காலை ஊன்றி நிற்க இடம் பார்த்தாள். முதுகு தண்ணீர்ப் பக்கம்.

கசுபா எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஆறு. ஆறாவது நடுவில் இல்லை. இந்தப் பக்கம் இருந்தது.

"மபாலோ! வெளிய வா! ஓடு! மேல ஓடு!"

மபாலோ மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கோட்டைத் தாண்டி, புற்றில் ஏறி, அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள்.

ஒன்றும் இல்லை. ஒரு வளையம் மட்டும் மெதுவாக விரிந்து கரையில் பட்டு அடங்கியது. ஐந்து கட்டைகள்.

"கேட்டீங்களா எல்லாரும்?" கயிற்றுக்கு வெளியிலிருந்து பானா சோம்போவின் குரல் வந்தது. "விதி போட்டது மக, மீறுறது அப்பன், ஆடுறது பேத்தி! குடும்பக் கிளப்பா இது? ரெண்டு அடி போடுங்க!"

கூச்சல் கேட்டு லுபுட்டோவும் சில்வம்பாவும் வேகமாக வந்தார்கள். நடந்ததைக் கேட்ட நடுவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"விதி நாலு என் புத்தகத்துல இல்லம்மா. நீங்க எழுதினது. நீங்கதான் சொல்லணும்."

லுபுட்டோ அப்பாவின் அருகில் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா, பாத்தீங்கன்னு சொல்லுங்க. ஆபத்துல கத்தினதுக்கு யாரும் தண்டனை போடமாட்டாங்க. முதலையைப் பாத்தீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"கட்டை ஆறு இருந்துச்சு" என்றார்.

"முதலையைப் பாத்தீங்களாப்பா?"

"...கட்டையை எண்ணினேன்."

லுபுட்டோ கண்ணை மூடித் திறந்தாள். "மபாலோவுக்கு ரெண்டு அடி" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

மபாலோ தாத்தாவின் முழங்காலிலிருந்து கையை எடுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "இனிமே என்கூடப் பேசாத தாத்தா. நீ கூப்பிட்டாலும் நான் திரும்ப மாட்டேன்."

பந்து இன்னும் சேற்றில்தான் கிடந்தது. அவள் அதை ஆடியாக வேண்டும். நேராகக் கோட்டைத் தாண்டிப் போய் மட்டையைப் பொறுக்கினாள்.

அப்போது லுபுட்டோ ஒரு காரியம் செய்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று இறங்கி, மகளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நின்றாள். தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது. முதுகைக் குளத்துக்குக் கொடுத்துக்கொண்டு, மகளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"இதுக்கு விதி இருக்கா?" என்று பானா சோம்போ கேட்டாள். ஆனால் இந்தத் தடவை குரல் அவ்வளவு உயரவில்லை.

சில்வம்பா புத்தகத்தை எடுத்துத் திறந்தார். பார்த்தார். மூடிவிட்டார்.

மபாலோ அடித்தாள். பந்து மேலே போனது. தாயும் மகளும் கோட்டுக்கு வெளியே வரும் வரை கசுபா மூச்சு விடவில்லை. லுபுட்டோ செருப்பை இடது வலது மாற்றி மாட்டியதை அவர் மட்டும்தான் பார்த்தார். ஐந்து என்று எழுத வேண்டிய இடத்தில், மபாலோவின் அட்டையில், சோம்போ ஏழு என்று எழுதினாள். பென்சில் முனை உடைந்துபோகும் அளவுக்கு அழுத்தி எழுதினாள். அவள் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

முதல் நாள் ஆட்டம் இரண்டு மணிக்கு முடிந்தது. சோம்போ முதலிடம். மபாலோ ஓர் அடி பின்னால். மூன்று மணிக்கு அரைமணி நேரம் தூறல் விழுந்து ஓய்ந்தது.

ஐந்து மணிக்குக் கசுபா கொடியை எடுக்க ஏழாம் குழிக்கு வந்தார். ஒரு கொடியைப் புற்றின் மேலேயே விட்டுப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் லுபுட்டோவும் வந்தாள். கையில் துணியால் மூடிய தட்டு. ந்ஷிமா என்ற மக்காச்சோளக் களியும் காய்ந்த கபெண்டா மீனும்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க. பானா சோம்போ சொன்னா."

"அவளா?"

"கண்ணாடியில பாத்துக்கிட்டே இருந்திருக்கா. 'உங்கப்பா பச்சைத் தண்ணி கூடக் குடிக்கல, போய்ப் பாரு'ன்னு அவதான் விரட்டினா. நம்பமாட்டீங்களே?"

"நம்பமாட்டேன்" என்றார். அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. தட்டை வாங்கினார். வாங்கின கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

தூறலில் சுண்ணாம்பு குழைந்து, வெண்ணெய் மாதிரி மழமழப்பாகக் கிடந்தது. காலையில் மிதித்த தடங்கள் எல்லாம் கரைந்து மூடிப்போயிருந்தன. ஆனால் கோட்டின் நடுவில், அப்போதுதான் அழுத்தியது போல, ஒரு தடம்.

தட்டைக் கீழே வைத்தார். குந்தி உட்கார்ந்தார். இடது பின்னங்கால். மூன்று விரல். பக்கத்தில் வால் இழுத்துப்போன பள்ளம், அவர் தொடை அகலத்துக்கு.

லுபுட்டோவும் குந்தினாள். தன் உள்ளங்கையை விரித்துத் தடத்துக்குள் வைத்தாள். சுற்றிலும் இடம் மிச்சம் இருந்தது.

"அப்பா" என்றாள். காலையில் தண்ணீர் பட்டுச் சேறு காய்ந்திருந்த தன் பாவாடை விளிம்பைப் பார்த்தாள்.

கசுபா தடத்தின் அளவைப் பார்க்கவில்லை. விரல்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். குளத்தின் பக்கம் இல்லை. குளத்துக்கு வெளியே, எட்டாம் குழியின் பக்கம்.

எழுந்தார். கோட்டோடு நடந்தார். ஒரு முனை வரை. பிறகு மறுமுனை வரை. லுபுட்டோ பின்னாலேயே ஓடினாள். இடைவெளி விடாமல் இழுத்த கோடு. உள்ளே திரும்பிப் போவது எதுவாக இருந்தாலும் அதை மிதிக்காமல் போக முடியாது. கல்கட்டை அது ஏறவும் முடியாது.

கோட்டில் வேறு தடமே இல்லை.

"திரும்பிப் போகல" என்றார்.

எட்டாம் குழிக்கு அப்பால் இடுப்பளவுப் புல். புல்லுக்குள் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் பயிற்சி மைதானம்.

"மபாலோ எங்க?" என்றார்.

லுபுட்டோ பயிற்சி மைதானத்தின் பக்கம் திரும்பினாள். "கிளப்ல இருக்க மாட்டேன்னுட்டாப்பா. எல்லாரும் அவளையே பாக்கறாங்களாம். தனியா அடிச்சுப் பழகப் போறேன்னு... பந்துக்கூடையைத் தூக்கிக்கிட்டு..."

காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது. அதில் மட்டை பந்தில் படும் சத்தம் தெளிவாக வந்தது.

டக்.

கொஞ்சம் இடைவெளி. பந்தைக் குனிந்து எடுத்து வைக்கிற நேரம்.

டக்.

இருவரும் ஓடினார்கள். கசுபா பின்தங்கிவிட்டார். லுபுட்டோ முன்னால் ஓடி, புல்லின் விளிம்பில் சட்டென்று நின்றாள். புல் ஓர் ஆள் படுத்த அகலத்துக்கு மடங்கி, நேராக ஓடையை நோக்கிப் போயிருந்தது.

டக்.

"கத்துங்கப்பா" என்றாள் லுபுட்டோ. "உங்க குரல்தான் அங்க எட்டும். கத்துங்க!"

கசுபா வயிற்றிலிருந்து குரலை எடுத்துக் கத்தினார். "மபாலோ! மேல ஏறு! மபாலோ!"

சத்தம் நின்றது.

பதில் இல்லை. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன் என்றவள். கோபத்தில் மட்டையை ஊன்றிக்கொண்டு, வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளா? கசுபா காதைத் தீட்டிக்கொண்டு அடுத்த டக்குக்காகக் காத்திருந்தார். பந்தைக் குனிந்து எடுத்து வைக்கிற நேரம் ஆனது. அதைப்போல இன்னொரு மடங்கு நேரமும் ஆனது. டக் கேட்கவில்லை.